ஜரிகையை உரசுவது போல, பேட்டரி வாக்குறுதியையும் உரசிப் பாருங்கள்

(ஆரணியில் நெசவாளர் குடும்பங்களிடம் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் ஒரு வேலையாக ஆரணி வந்திருந்தேன். சேவூர் பக்கம் ஒரு வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நெய்துகொண்டிருந்த அய்யா, நான் அரசாங்க மின்னிதழில் எழுதுகிறேன் என்று தெரிந்ததும் தறியை நிறுத்திவிட்டு கேட்டார்: "ஏம்மா, புது பேட்டரி ஒண்ணு வருதாமே. பத்து நிமிஷம் சார்ஜ் போட்டா ஆயிரம் கிலோமீட்டர் ஓடுமாம். தீயே புடிக்காதாம். போன்ல வீடியோ வந்துச்சு. இப்ப ஸ்கூட்டர் வாங்கலாமா, அது வர்ற வரைக்கும் பொறுத்துக்கலாமா?"

அவர் வாரத்தில் பல நாள் நெய்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கவும், பட்டும் ஜரிகையும் வாங்கி வரவும் ஆரணிக்குள் வந்து போகிறவர். மகளை கல்லூரியில் விடுவதும் அதே வண்டியில்தான். பழைய பெட்ரோல் வண்டி அடிக்கடி மக்கர் செய்கிறது. கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. அதைத் தப்பான இடத்தில் போட்டுவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இன்றைக்கு உங்களிடமும் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: மேடையில் அறிவித்த பேட்டரிக்காகப் பணமும் கொடுக்காதீர்கள், காத்தும் இருக்காதீர்கள். கடையில் நிற்கிற வண்டியை, காகிதத்தில் எழுதிக் கொடுக்கிற வாரண்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சொன்ன தேதிகள் என்ன ஆயின?

முதலில் நம் பக்கத்திலிருந்தே ஆரம்பிப்போம். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஸ்கூட்டர் ஆலை இருக்கிறது. (சேலைக்குப் பேர்போன தெலங்கானா போச்சம்பள்ளி வேறு, இது வேறு.) 2022 ஆகஸ்ட் 15 அன்று அந்த நிறுவனம் ஒரு மின்சாரக் காரை அறிவித்தது. ஒரு சார்ஜில் 500 கி.மீ.க்கு மேல் ஓடும், 4 விநாடியில் 100 கி.மீ. வேகத்தைத் தொடும், 2024-இல் வரும் என்று சொன்னார்கள். 2024-இல் கார் வரவில்லை. இப்போதைக்கு ஸ்கூட்டர், பைக்கில்தான் கவனம் என்று நிறுவனமே சொல்லி, கார் திட்டத்தை ஒதுக்கி வைத்தது. அதே நிறுவனம் அதே மாவட்டத்தில் பேட்டரி செல் ஆலையும் கட்டியது. அது கண்ணால் பார்க்கக்கூடிய வேலை. ஆக, ஒரே நிறுவனம் சொன்னதில் சிலது நடக்கும், சிலது நடக்காது. எது நடக்கும் என்று அறிவித்த அன்றைக்கே நம்மால் பிரித்துப் பார்க்க முடியாது.

உலகத்தின் பெரிய பெரிய நிறுவனங்களும் இதற்கு விதிவிலக்கு இல்லை. ஜப்பானின் டொயோட்டா, 'திட நிலை பேட்டரி' என்கிற புது வகை 2020-களின் தொடக்கத்திலேயே விற்பனைக்கு வரும் என்று 2017-இல் சொன்னது. 2021-இல் கேட்டபோது, முதலில் ஹைபிரிட் கார்களில், 2025 வாக்கில் என்றார்கள். 2023-இல் அது 2027-28 என்று ஆனது. 1,200 கி.மீ. ஓட்டம், 10 நிமிட சார்ஜ் என்ற பேச்சும் அந்த ஆண்டு வந்ததுதான். அந்த அய்யாவின் போனுக்கு வந்த வீடியோவுக்கு மூலம் இது போன்ற அறிவிப்புகள்தான்.

அமெரிக்காவின் டெஸ்லா 2020 செப்டம்பர் 22 அன்று பேட்டரிக்கென்றே தனியாக ஒரு விழா நடத்தியது. பேட்டரிச் செலவை 56 சதவீதம் குறைப்போம், சுமார் 3 ஆண்டில் 25,000 டாலருக்கு ஒரு கார் தருவோம் என்றது. அந்தப் புது அளவு செல் தயாராகிறது, உண்மைதான். ஆனால் 2023 முடிந்தும் 25,000 டாலர் கார் வரவில்லை.

ஃபிஸ்கர் என்று ஒரு அமெரிக்க நிறுவனம் இருந்தது. 1 நிமிடத்தில் சார்ஜ் ஆகும், சுமார் 800 கி.மீ. ஓடும் திட நிலை பேட்டரி என்று 2017-இல் பேசியது. 2021-இல் அந்த முயற்சியைக் கைவிட்டதாக நிறுவனரே சொல்லிவிட்டார். 2024 ஜூனில் நிறுவனம் திவால் மனு போட்டது. அதன் காரை நம்பி வாங்கியவர்கள் சர்வீசுக்கும் உதிரி பாகத்துக்கும் அலைந்தார்கள்.

இவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஆய்வுக்கூடங்களில் நல்ல விஞ்ஞானிகள் இரவு பகலாக உழைக்கிறார்கள். ஆனால் அந்த மேடைப் பேச்சு பெரும்பாலும் நமக்காகப் பேசப்படுவதில்லை. முதலீட்டாளருக்காகவும், பங்குச் சந்தைக்காகவும், போட்டி நிறுவனத்தின் வண்டியை நாம் வாங்கிவிடாமல் தள்ளிப்போட வைக்கவும் பேசப்படுகிறது. 'திட்டங்கள் மாறக்கூடும்' என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். வீடியோவாக நம் போனுக்கு வரும்போது அந்தச் சின்ன எழுத்து மட்டும் வராது.

மாதிரித் துண்டும் முழுப் பாவும்

ஏன் இவ்வளவு தாமதம்? இதை உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம், நீங்கள்தான் எனக்கு விளக்க வேண்டும். ஒரு புது டிசைனை மாதிரித் துண்டாக நெய்து காட்டுவது வேறு. அதே டிசைனை ஒரு பாவு முழுக்க, நூல் அறுபடாமல், ஒரே நேர்த்தியில், கட்டுபடியாகிற கூலியில் நெய்வது வேறு. இல்லையா?

பேட்டரியிலும் அதேதான். இன்றைய லித்தியம் அயான் பேட்டரிக்குள் ஒரு திரவம் இருக்கிறது. அதன் வழியாகத்தான் லித்தியம் அயனிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருகின்றன. அந்தத் திரவம் தீப்பிடிக்கும் தன்மை உள்ளது. அதற்குப் பதில் திடப் பொருளை வைத்தால் தீ ஆபத்து குறையும், அதே இடத்தில் அதிக மின்சாரம் அடங்கும். இதுதான் திட நிலை பேட்டரியின் யோசனை. நல்ல யோசனைதான்.

சிக்கல் எங்கே என்றால், சார்ஜ் ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ளே இருக்கிற அடுக்குகள் கொஞ்சம் விரிந்து சுருங்கும். திரவம் என்றால் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். திடப் பொருள் அப்படி நிரப்பாது, ஒட்டு விட்டுப்போகும். ஊசி மாதிரி லித்தியம் இழைகள் வளர்ந்து குறுக்கே பாயவும் வாய்ப்பு உண்டு. சில திடப் பொருட்களுக்குக் காற்றில் உள்ள ஈரமே ஆகாது. அவற்றைச் செய்ய மிகவும் உலர்ந்த அறைகள் வேண்டும். அதற்கெல்லாம் செலவு அதிகம்.

ஒரு வண்டிப் பேட்டரி ஐந்து தேர்வில் ஒரே நேரத்தில் தேற வேண்டும்: எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாக சார்ஜ், எத்தனை ஆண்டு ஆயுள், எவ்வளவு பாதுகாப்பு, என்ன விலை. மேடையில் பெரும்பாலும் இரண்டைத்தான் சொல்வார்கள். மீதி மூன்றைக் கேட்பது நம் வேலை.

பேட்டரி முன்னேறவே இல்லையா என்று கேட்டால், நன்றாகவே முன்னேறியிருக்கிறது. லித்தியம் அயான் பேட்டரியை 1991-இல் சோனி முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2010-இல் ஒரு கிலோவாட்-மணி, அதாவது ஒரு யூனிட் மின்சாரம் பிடிக்கிற பேட்டரியின் உலகச் சராசரி விலை 1,000 டாலருக்கும் மேல். 2024-இல் 115 டாலர். இது ஒரே நாளில், ஒரே விழாவில் வந்த மாற்றம் இல்லை. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக, சத்தமில்லாமல் வந்தது.

இன்றைக்குப் பல வண்டிகளில் இருக்கிற 'எல்.எஃப்.பி.' வகையும் அப்படித்தான். இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த வகை அது. 1990-களிலேயே கண்டுபிடித்தது. நம் ஊர்க் கார்களில் பரவலானது 2020-க்குப் பிறகுதான். எடை கொஞ்சம் கூடும், ஆனால் சூட்டைத் தாங்கும், ஆயுளும் அதிகம். நம் பக்கத்து வெயிலுக்கு இதுவே நல்ல செய்தி. இதற்கு யாரும் பெரிய விழா எடுக்கவில்லை.

வீட்டிலேயே போடக்கூடிய கணக்கு

ஜரிகையை எப்படிப் பார்ப்பீர்கள்? உரசிப் பார்ப்பீர்கள், உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிகிறதா என்று. பட்டு நூலைக் கொளுத்தி, முடி கருகிற வாசனை வருகிறதா, சாம்பல் பொடியாக உதிர்கிறதா என்று பார்ப்பீர்கள். கடைக்காரர் பேச்சை மட்டும் கேட்டு வாங்க மாட்டீர்கள். பேட்டரிக்கும் அப்படி உரசிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. போனில் இருக்கிற கால்குலேட்டர் போதும்.

ஒரு மின்ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டர் ஓட சாதாரணமாக 25 முதல் 40 வாட்-மணி வரை மின்சாரம் வேண்டும். 30 என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி 3 கிலோவாட்-மணி என்றால் 3,000 வாட்-மணி. அதை 30-ஆல் வகுத்தால் 100 கி.மீ. இப்போது ஒருவர் 2 கிலோவாட்-மணி பேட்டரியைக் காட்டி 150 கி.மீ. ஓடும் என்கிறார் என்று வையுங்கள். 2,000-ஐ 150-ஆல் வகுத்தால் கி.மீ.க்கு சுமார் 13 வாட்-மணிதான் வருகிறது. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, சேலைப் பெட்டியையும் வைத்துக்கொண்டு போகிற வண்டிக்கு அது போதாது. பேச்சு பொய் என்று கணக்கே சொல்லிவிடும்.

விளம்பரத்தில் வரும் 'ஐ.டி.சி. ரேஞ்ச்' என்பது ஆய்வுக்கூடச் சோதனையில் வந்த தூரம். ரோட்டில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். அதனால் உங்கள் தினசரித் தேவையைப் போல ஒன்றரை மடங்காவது ரேஞ்ச் இருக்கிற வண்டியாகப் பாருங்கள்.

இப்போது அந்த 10 நிமிட சார்ஜ் கணக்கு. ஒரு கார் யூனிட்டுக்கு 8 கி.மீ. ஓடும் என்று தாராளமாகவே வைப்போம். 1,200 கி.மீ. ஓட 150 யூனிட் பிடிக்கும் பேட்டரி வேண்டும். அதை 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு ஏற்ற 105 யூனிட் வேண்டும். 10 நிமிடத்தில் அதைக் கொடுக்க 630 கிலோவாட் சார்ஜர் வேண்டும். நெடுஞ்சாலையில் 60 கிலோவாட் சார்ஜரில் போட்டால் அதே வேலைக்கு ஒண்ணேமுக்கால் மணி நேரம் ஆகும். பேட்டரி தயாரானாலும், அதற்கு ஈடு கொடுக்கிற மின் இணைப்பும் வழியெல்லாம் தயாராக வேண்டும் இல்லையா? வீடியோவில் அதைச் சொல்லவே மாட்டார்கள்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு

"அப்போ பேசாம காத்திருந்தா என்ன நஷ்டம்?" என்று அந்த அய்யா கேட்டார். அதையும் கணக்குப் போட்டோம். அவர் தினமும் 30 கி.மீ., மாதம் 25 நாள் ஓட்டுகிறார். அவர் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கிறது. லிட்டர் 101 ரூபாய் என்றால் மாதம் சுமார் 1,680 ரூபாய். மின்ஸ்கூட்டர் என்றால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து நாளுக்கு 1.1 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் போட்டாலும் மாதம் 220 ரூபாய். மாதம் 1,460 ரூபாய் வித்தியாசம். 3 ஆண்டு காத்திருந்தால் 50,000 ரூபாய்க்கு மேல் பெட்ரோலாகப் போய்விடும்.

அதுவும் அந்தப் புது பேட்டரி முதலில் விலை உயர்ந்த கார்களில்தான் வரும். நம் ஸ்கூட்டருக்கு இறங்கி வர இன்னும் பல காலம் ஆகும். உங்கள் ஓட்டம் குறைவு, பெட்ரோல் வண்டி நன்றாக ஓடுகிறது என்றால் அவசரமே இல்லை, அதையே ஓட்டுங்கள். வண்டி மாற்றியே ஆக வேண்டும் என்றால் இன்றைக்குக் கிடைப்பதில் நல்லதைப் பாருங்கள். இரண்டு முடிவுக்கும் அந்த வீடியோ காரணமாக இருக்கக் கூடாது.

'தீயே பிடிக்காது' என்ற பேச்சு

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 2022 மார்ச்சில், இங்கிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்த ஆண்டு நாட்டின் வேறு சில இடங்களிலும் மின்ஸ்கூட்டர்கள் எரிந்தன. அதற்குப் பிறகுதான் மத்திய அரசு 'ஏ.ஐ.எஸ். 156' என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டமாக அது அமலுக்கு வந்தது.

விதி வந்ததால் பயம் குறைந்திருக்கிறது, ஆனால் கவனம் குறையக் கூடாது. உங்களில் பலர் வீட்டில் தறி இருக்கிற அறையும் படுக்கிற அறையும் ஒன்றுதான். அங்கே பட்டு நூல் இருக்கிறது, பாவு இருக்கிறது, பாதி நெய்த சேலை இருக்கிறது. அதில் பெரும்பாலும் முதலாளியோ சங்கமோ கொடுத்த சரக்கு. அந்த அறையில் பேட்டரியை சார்ஜ் போடாதீர்கள். எந்தப் பேட்டரியாக இருந்தாலும், எந்தக் கம்பெனி என்ன சொன்னாலும் சரி. வெளியில், காற்றோட்டமான இடத்தில், வாசற்படியை மறிக்காத மாதிரி, எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக்கில், வண்டியோடு வந்த சார்ஜரில் மட்டும் போடுங்கள். எல்லோரும் தூங்கும் நேரத்தில் வேண்டாம்.

கடையில் கேட்க வேண்டியவை

1. பேட்டரி என்ன வகை? 'கிராபீன் பேட்டரி' என்று சொல்லி விலை குறைந்த ஸ்கூட்டர்களை விற்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை நம் பழைய ஈய-அமில பேட்டரிதான், கொஞ்சம் கிராபீன் கலந்தது. அது தப்பான பொருள் இல்லை. ஆனால் 'அடுத்த தலைமுறை' என்று நினைத்து அந்த விலை கொடுக்காதீர்கள். 'லித்தியமா, ஈயமா? பில்லில் எழுதிக் கொடுங்க' என்று கேளுங்கள்.

2. கொள்ளளவு எத்தனை கிலோவாட்-மணி? அதுவும் பில்லிலோ கையேட்டிலோ இருக்க வேண்டும்.

3. சோதனைச் சான்று இருக்கிறதா? ஏ.ஆர்.ஏ.ஐ., ஐகேட், சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள சோதனை மையம் போன்றவை கொடுக்கும் சான்று அது. 250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்ட வண்டிக்கு உரிமமும் பதிவும் தேவையில்லை. அதற்காகச் சான்றே தேவையில்லை என்று அர்த்தம் இல்லை.

4. வாரண்டி எத்தனை ஆண்டு, எத்தனை கி.மீ.? எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள்? பல நிறுவனங்கள் 70 சதவீதம் என்று வைத்திருக்கின்றன. 'வாழ்நாள் வாரண்டி' என்றால், முதல் உரிமையாளருக்கு மட்டுமா, வாடகைக்கு ஓட்டினால் செல்லுமா என்று பாருங்கள்.

5. வாரண்டி முடிந்து பேட்டரி மாற்றினால் இன்றைய விலை என்ன? வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். தனியாக வாங்கும் பேட்டரிக்கு 18 சதவீதம்.

6. சர்வீஸ் எங்கே? ஆரணியிலா, வேலூர் போகணுமா? இந்தக் கேள்வியை மட்டும் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள்.

மானியமும் சாலை வரிச் சலுகையும் அவ்வப்போது மாறும். வாங்குகிற அன்றைய நிலையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ பரிவாகன் தளத்திலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏமாந்துவிட்டால்?

மேடையில் சொன்ன கார் வரவில்லை என்றால் நாம் வழக்குப் போட முடியாது, ஏனென்றால் நாம் அதை வாங்கவில்லை. ஆனால் நீங்கள் வாங்கிய வண்டிக்கு விளம்பரத்தில் ஒன்று சொல்லி, கையில் வேறொன்று கொடுத்தால் கதை வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உங்கள் பக்கம் நிற்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 'இ-ஜாக்ரிதி' தளத்தில் போனிலிருந்தே பதியலாம். நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி இருக்கிற ஊருக்குப் போக வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயம் இல்லை.

அதற்கு உங்களிடம் சாட்சி வேண்டும். அதனால் வாங்குகிற அன்றைக்கே விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பில், வாரண்டி அட்டை, சார்ஜர் எண் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். விற்பனையாளர் வாயால் சொன்னதை, 'இதை வாட்ஸ்அப்பில் அனுப்புங்க' என்று கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

அந்த அய்யா கடைசியில் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். இந்த ஆறு கேள்வியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மகளோடு இரண்டு கடைக்குப் போனார். ஒரு கடையில் நாலாவது கேள்விக்குப் பதில் இல்லை, எழுந்து வந்துவிட்டார்கள். இன்னொரு கடையில் எல்லாவற்றுக்கும் காகிதம் காட்டினார்களாம். இன்னும் வாங்கவில்லை. "தீபாவளி கூலி வரட்டும்மா" என்றார். ஆனால் அந்த வீடியோவைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

புது பேட்டரி வரட்டும், வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். வந்த பிறகு, அதையும் இதே ஆறு கேள்வி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.